“இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?”

அத்தியாயம் 7: மறதி நோயும் கோயிலும்

புதன்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் அம்மா வெள்ளைச் சேலை கட்டி, பைபிளை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். “இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?” முதல் மாதம் முழுக்க “இல்லம்மா, புதன்” என்று திருத்திக்கொண்டே இருந்தேன். பத்து நிமிடத்தில் அதே கேள்வி திரும்பி வரும். கிழமையைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். அதைச் சத்தமாகப் படிப்பார், படித்து முடித்ததும் மறுபடி கேட்பார். கம்பெனிக்கு நேரமாகிவிட்ட ஒரு நாள் கத்திவிட்டேன். அவர் அழவில்லை. “கோயிலுக்குப் போகக் கூடாதா? அத மட்டும் சொல்லு” என்றார். இத்தனை நாள் அவர் கேட்டது கிழமையை அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மருந்து, தூக்கம் எல்லாம் முந்தைய அத்தியாயங்களில் வந்துவிட்டன. அவற்றை வாசித்துவிட்டு என்னிடம் வரும் குடும்பங்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது வேறொன்று: “அவங்களுக்கு இன்னும் விசுவாசம் இருக்குதுங்களா?” பெருமாநல்லூரில் இதைக் கேட்பவர்களில் பாதிப்பேர் பனியன் வேலைக்காகத் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள். மீதிப்பேர் இந்த ஊர்க்காரர்கள். என் பதில் எல்லோருக்கும் ஒன்றுதான்: இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் இல்லை.

கைக்குள் போன விசுவாசம்

2023ல் வெளியான ஒரு பெரிய ஆய்வின்படி, நம் நாட்டில் 60 வயது தாண்டியவர்களில் 100க்கு 7 பேருக்கு மேல் மறதி நோய் இருக்கிறது. ஏறத்தாழ 88 லட்சம் பேர். இதில் பெரும்பங்கு அல்சைமர் வகை. மூளைக்குள் புதுச் செய்திகளைப் பதிவு செய்யும் பகுதியைத்தான் அது முதலில் தாக்குகிறது. அதனால்தான் காலையில் இட்லி சாப்பிட்டதே நினைவில்லாத பெரியவர், 1970 ஜூன் 19 அன்று மின்கட்டண உயர்வை எதிர்த்த விவசாயிகள் மேல் இதே ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்து மூன்று பேர் செத்ததை நேற்றுப் பார்த்ததுபோலச் சொல்வார். பழைய நினைவு தாமதமாகவே கரைகிறது. அதைவிடத் தாமதமாகக் கரைவது உடம்பு பழகிவைத்த வேலை.

இதை விளக்க நம் ஊரில் மூளைப் படம் தேவையில்லை. முப்பது வருஷம் செக்கிங்கிலும் மடிப்பிலும் நின்ற ஒரு பெண்மணியின் முன்னால் ஒரு கட்டு பனியன் துணியை வைத்துப் பாருங்கள். மகளின் பெயர் அவருக்கு வராது. கை மட்டும் தானாக எழும். துணியை நீவி, பிசிறு இருக்கிறதா என்று விரலால் தடவி, மூன்றாக மடித்து அடுக்கும். பன்னிரண்டு ஆனதும் ஒரு நொடி நிற்கும். டஜன் கணக்கு அவர் மனதிலிருந்து போய்விட்டது, கையிலிருந்து போகவில்லை.

ஜெபமாலையும் அப்படித்தான். முழங்கால் போடுவது, தலையில் முக்காடு இழுப்பது, நெற்றியில் சிலுவை போடுவது, பாட்டின் இரண்டாம் அடியில் குரல் சேர்வது எல்லாம் அறுபது எழுபது வருஷப் பழக்கம். இசை நினைவு ஏன் கடைசிவரை நிற்கிறது என்று ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2015ல் ஆராய்ந்தார்கள். நெடுநாள் தெரிந்த இசையைத் தாங்கும் மூளைப் பகுதிகளை அல்சைமர் மற்ற பகுதிகள் அளவுக்குச் சிதைப்பதில்லை என்பது அவர்கள் கண்டது. பேச்சே இல்லாத பாட்டி கீர்த்தனை கேட்டதும் கூடப் பாடுவதை அற்புதம் என்று சொல்ல விரும்பினால் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் “பாடிட்டாங்க, குணமாயிட்டாங்க” என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். பாட்டு முடிந்ததும் நோய் அங்கேயேதான் இருக்கும்.

விசுவாசம் என்பது சரியான விடை சொல்வது என்று நம்மில் பலருக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே ஒரு எண்ணம். மனப்பாட வசனம், வினாடி வினா, பரிசு. அந்தப் பழக்கத்தில்தான் நாம் நோயாளியையும் சோதிக்கிறோம். ஆஸ்திரேலியாவில் பிரதமரின் துறையில் உயர் பதவியில் இருந்த கிறிஸ்டீன் பிரைடனுக்கு 1995ல், 46வது வயதில், மறதி நோய் என்று சொன்னார்கள். மூன்று பெண்பிள்ளைகளைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்த கிறிஸ்தவர். அதன்பின் பல வருஷம் எழுதினார், பேசினார். உலக அல்சைமர் அமைப்பின் நிர்வாகக் குழுவுக்கு, நோயுள்ளவர்களிலிருந்து முதன்முதலாகத் தேர்வானவர் அவர்தான். நோய்க்குள் இருந்துகொண்டே விசுவாசத்தைப் பற்றி ஒருவர் பேச முடியும் என்று காட்டியவர். ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழக இறையியலாளர் ஜான் சுவின்டன் 2012ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நாம் கடவுளை நினைவில் வைத்திருக்கிறோமா என்பதைவிட, அவர் நம்மை நினைவில் வைத்திருக்கிறார் என்பதே அவருடைய வாதத்தின் அச்சு. போதகர்கள் இதைப் பிரசங்கத்தில் சொன்னால் நன்றாக இருக்கும். வீட்டில் நமக்கு வேண்டியது அதைவிடச் சின்ன விஷயங்கள்.

முதலில் கற்ற ஜெபம் எது?

இதைக் கண்டுபிடிப்பதுதான் இந்த அத்தியாயத்தின் முக்கியமான வேலை. ஒரு நோட்டை எடுங்கள். பெரியவரின் அண்ணன் தம்பி, பழைய அயலார், பிறந்த ஊர்க்காரர்கள் யாரிடமாவது கேட்டு எழுதுங்கள்: எந்த ஊர்க் கோயில், எந்தச் சபை, யார் ஜெபம் சொல்லிக் கொடுத்தது, வீட்டில் ராத்திரி என்ன பாடுவார்கள், கல்யாணத்தில் என்ன பாடினார்கள்.

ஏன் இவ்வளவு பாடு? ஜெபத்தின் சொற்கள் சபைக்குச் சபை வேறு, தலைமுறைக்குத் தலைமுறை வேறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) கூடும் முன் கத்தோலிக்கப் பூசை லத்தீனில் நடந்தது. இன்று எண்பதை நெருங்கும் கத்தோலிக்கர் சின்ன வயதில் ‘சர்வேசுரா’ என்றுதான் கூப்பிட்டிருப்பார். செபம் என்று சொல்லியிருக்க மாட்டார், மந்திரம் என்று சொல்லியிருப்பார். இப்போதைய புத்தகத்தை வைத்துக்கொண்டு நீங்கள் அருள் நிறைந்த மரியே செபத்தைத் தொடங்கினால் அவர் மலங்க மலங்க விழிப்பார். பழைய பிரியதத்த மந்திரமாகத் தொடங்குங்கள், உதடு அசையும். புராட்டஸ்டன்ட் வீடுகளில் 1871ல் வெளிவந்த பவர் பாதிரியாரின் மொழிபெயர்ப்பு வழியில் வந்த பழைய வேதாகமமே காதில் ஊறியிருக்கும். நல்லெண்ணத்தோடு வரும் வாலிபர்கள் எளிய தமிழில் புது மொழிபெயர்ப்பை வாசிக்கிறார்கள். நமக்குப் புரியும், பெரியவருக்கு அது யாரோ பேசுவதுபோலத்தான். அவருடைய பழைய பைபிள், அட்டை கிழிந்திருந்தாலும், அதையே எடுங்கள். கையில் கொடுத்தால் மோந்து பார்ப்பவர்களும் உண்டு. தடுக்காதீர்கள்.

பாட்டுக்கும் இதுவே. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்துக் கீர்த்தனைகள் தென்மாவட்டத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஓடுகின்றன. கீபோர்டு வைத்துப் பாடும் வேகத்தில் அல்ல, திண்ணையில் உட்கார்ந்து பாடும் வேகத்தில் பாடுங்கள். சுருதியை ஒரு கட்டை இறக்குங்கள், வயதான தொண்டை ஏறாது. ஒரு அடி பாடிவிட்டு நிறுத்தி, மனதுக்குள் பத்து எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழிலோ எட்டிலோ அடுத்த அடி வரும். நாம் மூன்றிலேயே அவசரப்பட்டு எடுத்துக்கொடுத்து, அவர்களுக்கு உரியதைப் பறித்துவிடுகிறோம்.

இந்த நோட்டில் இன்னொரு பக்கமும் வரும். அதற்கு மனதைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள் இந்தப் பகுதிச் சபைகளில் நிறையப் பேர். முதலில் கற்றது கடைசியில் நிற்கும் என்றால், அவர்களிடம் கடைசியில் நிற்பது எது? கொண்டத்துக் காளியம்மன் கோயில் குண்டம் திருவிழாவின் மேளம் கேட்டதும் அந்தத் திசை பார்த்துக் கும்பிட்ட ஒரு பாட்டியைப் பார்த்திருக்கிறேன். முப்பது வருஷமாகச் சபையில் முன்வரிசையில் உட்கார்ந்தவர். வீட்டில் பூகம்பம். பின்மாற்றம் என்றார்கள், உபவாச ஜெபம் என்றார்கள், மருமகள் பாட்டியின் கையைப் பிடித்து இறக்கினார். பாட்டி செய்தது ஐந்து வயதில் தன் ஆத்தாளோடு நின்று கற்ற கும்பிடு. அதில் முடிவெடுத்தல் எதுவும் இல்லை. கையை இறக்காதீர்கள். மேளம் போய்விடும். பிறகு அவருக்குப் பிடித்த ஒரு பாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பாடுங்கள். சபையில் யாராவது குறை சொன்னால் இந்தப் பக்கத்தை வாசிக்கக் கொடுங்கள்.

பொய் சொல்லலாமா?

கிறிஸ்தவ வீடுகளில் இந்தக் கேள்வி முள்ளாகக் குத்துகிறது. “எங்கம்மா எங்க?” என்று எண்பது வயதுக்காரர் கேட்கிறார். அந்த அம்மா இறந்து நாற்பது வருஷம். உண்மையைச் சொன்னால் இப்போதுதான் செத்ததுபோல அழுகிறார், அரைமணி கழித்து மறந்துவிட்டு மறுபடி கேட்கிறார். ஒரே சாவுச் செய்தியை ஒரு நாளில் ஆறு தரம் சொல்லுவது சத்தியமா, கொடுமையா? என் தீர்ப்பு: கொடுமை. அதற்காக “இதோ வந்துடுவாங்க” என்று கதை கட்டவும் வேண்டாம், அவர் வாசலிலேயே காத்திருப்பார். கேள்விக்கு அடியில் கிடப்பதற்குப் பதில் சொல்லுங்கள்.

“எங்கம்மா எங்க?”

“அம்மாவத் தேடுதா ஆச்சி? அவுங்க என்ன கொழம்பு வைப்பாங்க?”

“புளிமொளகா.”

“கோயிலுக்கு உங்கள எப்படிக் கூட்டிட்டுப் போவாங்க?”

“நடந்துதான். தேரியில.”

“அம்மாவுக்காக ஒரு ஜெபம் பண்ணுவமா?”

இந்தப் பேச்சில் பொய் ஒன்றும் இல்லை. இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். இப்படிப்பட்டவர்கள் பேச்சிலும் பிறந்த ஊருக்குத் திரும்புகிறார்கள். முப்பது வருஷம் ‘ஏனுங்க’ போட்டவர் ‘ஏல’ என்கிறார். அக்கம்பக்கத்தார் அன்பாக ‘அம்மிச்சி’ என்றால் திரும்பாதவர், ‘ஆச்சி’ என்றால் திரும்புவார். கொங்கு வீட்டுப் பெரியவருக்கு ‘அப்பிச்சி’. கூப்பிடும் சொல்லும் ஒரு திறவுகோல்தான்.

பார்க்க வருபவர்களுக்கு, போதகரும் சாமியாரும் உட்பட, ஒரே ஒரு கட்டளை: “என்னைத் தெரியுதா? நான் யாரு சொல்லுங்க பாப்போம்?” என்று கேட்கக் கூடாது. அது பரீட்சை, அவர் தோற்பார், அந்த அவமானம் நாள் முழுக்க நிற்கும். “ஸ்தோத்திரம் ஆச்சி, நான் நம்ம கோயில் ஐயா வந்திருக்கேன்” என்று நீங்களே சொல்லிவிட்டு உட்காருங்கள்.

ஆராதனைக்குக் கூட்டிப் போகும்போது

முதல் ஆராதனைக்குப் போங்கள். காலையில் தலை தெளிவாக இருக்கும், கூட்டமும் குறைவு. கதவுப் பக்கத்து ஓரப் பெஞ்சில், ஸ்பீக்கர் பெட்டிக்குத் தூரமாக இடம் பிடியுங்கள். தரையில் பாய் விரித்து உட்காரும் சபை என்றால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேளுங்கள், கூச்சம் வேண்டாம். கிளம்பும் முன் பாத்ரூம் போக வையுங்கள். பாதியில் அவர் எழுந்தால் நீங்களும் எழுந்து வெளியே நடங்கள், பிரசங்கம் முழுவதும் கேட்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முழு இரவு ஜெபம், டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை இரண்டையும் விட்டுவிடுங்கள். ஒரு இரவுத் தூக்கம் கெட்டால் ஒரு வாரம் ஆட்டம் காட்டும்.

காணிக்கை ஒரு தனிப் பிரச்சினை. சனிக்கிழமை சம்பளம் வாங்கி, அதில் கர்த்தருக்கு எடுத்துவைத்துப் பழகியவர்கள் காசில்லாமல் கோயிலுக்குள் நுழைய மாட்டார்கள். ஒரு கவரில் பத்து ரூபாய் நாணயம் இரண்டு போட்டு அவர் கையில் கொடுங்கள். அதே சமயம் சபைப் பொருளாளரிடம் காதோடு காதாகச் சொல்லிவையுங்கள்: பெரிய தொகை, நகை, பத்திரம் எதைக் கொடுத்தாலும் வாங்காமல் உங்களிடம் தெரிவிக்க வேண்டும். கொடுத்ததை மறந்து திரும்பத் திரும்பக் கொடுப்பவர்கள் உண்டு. மூளையின் முன்பகுதியைத் தாக்கும் வகை மறதி நோயில், நேர்மையாக வாழ்ந்த மனிதர் காணிக்கைத் தட்டிலிருந்து எடுத்துவிடவும் கூடும். அது திருட்டு அல்ல, நோய். இதை உபதேசியாருக்கு முன்கூட்டியே விளக்கிவிட்டால் பெஞ்சில் பரபரப்பு இருக்காது.

நற்கருணை வாங்கும்போது விழுங்குவதைக் கவனியுங்கள். நோய் முற்றினால் அப்பம் வாயிலேயே ஒதுங்கி நின்று மூச்சுக்குழாயில் போகும். மிகச் சிறிய துண்டு கேளுங்கள், நிமிர்ந்து உட்கார்ந்த நிலையில் கொடுங்கள், முடிந்ததும் வாயைத் திறந்து பாருங்கள். திடமாக எதுவுமே இறங்காத கத்தோலிக்கருக்கு இரசத்தின் வடிவில் மட்டும் கொடுக்கத் திருச்சபைச் சட்டம் இடம் தருகிறது. தவக்கால நோன்புக்கும் அப்படியே. 60வது வயது தொடங்கியவருக்குக் கத்தோலிக்கத்தில் நோன்புக் கடமை கிடையாது. சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிடவில்லை என்பதையும் மறந்து உபவாசம் இருப்பவர் நேராகப் போய்ச்சேரும் இடம் தீவிர சிகிச்சைப் பிரிவு.

வீட்டில் எரியும் மெழுகுவர்த்திக்குப் பதில் பேட்டரி விளக்கு. ஜெப எண்ணெய்ப் பாட்டில் கைக்கு எட்டாத இடத்தில், குடித்துவிடுவார்கள். கோயிலைத் தேடித் தனியே கிளம்புபவர் என்றால் சேலம்–கோவை நெடுஞ்சாலை பக்கத்திலேயே ஓடுகிறது என்பதை மறக்காதீர்கள். சட்டைப்பையிலும் ஜெபமாலையிலும் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும். டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, கம்பெனி வாட்ச்மேன் எல்லோரிடமும் போட்டோவைக் காட்டிச் சொல்லிவையுங்கள்.

இது பேய் அல்ல

இரண்டு நாளில் திடீரென்று ஆள் மாறிவிட்டால், பிதற்றினால், ராத்திரியெல்லாம் கத்தினால், ஜெபக்குழுவுக்குப் போன் போடும் முன் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூத்திரத்தில் கிருமி, சோடியம் குறைவு, மலச்சிக்கல், புது மாத்திரை என்று காரணம் இருக்கும், சரிசெய்துவிடலாம். சுவர் மூலையில் சின்னப் பிள்ளைகள் நிற்கிறார்கள், பூனை உட்கார்ந்திருக்கிறது என்று தெளிவாகச் சொல்லுவது லூயி பாடி என்ற வகையின் அடையாளமாக இருக்கலாம். அந்த வகையில் சில மனநோய் மருந்துகள் பெரும் கெடுதல் செய்யும். ஆகவே மெடிக்கலில் கேட்டுத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கட்டிவைத்து ஜெபிப்பது, தலையைப் பிடித்து உலுக்குவது, சோறு தண்ணீர் நிறுத்துவது எதற்கும் சம்மதிக்காதீர்கள். எங்கள் வீட்டிலும் ஒருவர் வந்து அம்மாவின் காதருகே அரைமணி கத்தினார். அவர் போன பிறகு இரண்டு நாள் அம்மா பைபிளைத் தொடவில்லை. ஜெபிக்க வருபவர்களிடம் மூன்று நிபந்தனை சொல்லுங்கள்: மெல்லிய குரல், கையைப் பிடிப்பதோடு சரி, பத்து நிமிடம். ஒத்துக்கொள்ளாதவர்கள் தெருவில் நின்று ஜெபிக்கட்டும், அங்கேயும் கேட்கப்படும்.

கெட்ட வார்த்தை பேசுகிறார், கர்த்தரையே திட்டுகிறார் என்று அழுகிறவர்களுக்கு: சங்கீதங்களைப் புரட்டிப் பாருங்கள், அங்கேயும் நிறையத் திட்டு இருக்கிறது.

உங்களுக்கு

காலை எட்டரைக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்குத் திரும்பும் வீட்டில் யார் எப்போது ஜெபிப்பது? உங்களுக்கு ஜெபம் வரவில்லை என்றால் ஆச்சரியம் இல்லை. எனக்கு ஒரு வருஷத்துக்கும் மேல் வரவில்லை. அம்மா சொல்லுவதைக் காதில் வாங்கிக்கொண்டு பக்கத்தில் வெண்டைக்காய் நறுக்குவேன், அவ்வளவுதான்.

சபையார் “ஜெபிச்சிக்கிறோம்” என்றால் நன்றி சொல்லிவிட்டு, “ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் அம்மாகூட இருக்க முடியுமா?” என்று கேளுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கமோ அன்பியமோ மரியாயின் சேனையோ, நான்கு பேர் மாதம் ஒரு ஞாயிறு வீதம் எடுத்துக்கொண்டால் நீங்கள் ஆராதனைக்குப் போகலாம், அல்லது தூங்கலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். மனம் தாங்காவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம். முதியோர் உதவிக்கு 14567. எழுந்து நடக்க முடியாதவர் என்றால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்புச் செவிலியர் வீட்டுக்கே வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

பேச்சு முற்றிலும் நின்ற பிறகு நீளமான ஜெபம் வேண்டாம். காதுக்கு மிக அருகில் ஒரே பாட்டு, தினமும் அதே நேரம். நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை. “ஆமென் சொல்லுங்க” என்று வற்புறுத்தாதீர்கள், நீங்களே சொல்லிவிடுங்கள். மூச்சு சீராவதையும் முஷ்டி தளர்வதையும் பார்த்துக்கொண்டிருங்கள்.

புதன்கிழமைக்கு வருகிறேன். இப்போதெல்லாம் ஞாயிறா இல்லையா என்று நான் சொல்லுவதே இல்லை. “வாம்மா, கோயிலுக்குப் போயிட்டு வருவோம்” என்பேன். தெருமுனை வரை நடை. கோயில் பூட்டியிருக்கும். அம்மா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார், ஐந்து நிமிடம். பிறகு திரும்புவோம், நான் எட்டேகாலுக்கு வண்டி எடுத்துவிடுவேன். ஒரு மாதம் இப்படிப் போனது. கோயிலைப் பெருக்கும் அண்ணன் இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருப்பார் போல. ஒரு புதன் காலை போனபோது கேட்டில் பூட்டு இல்லை, ஓரக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே, கடைசிப் பெஞ்சுக்கு மேல் மட்டும் ஒரு மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.